வாசல் தாண்டாத நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி எதற்கு?

கேள்வி – ஜூன் 3

வீட்டில் ஒரு நாய்க்குட்டி, வளர்ந்த பூனைகள் இரண்டு. மூன்றுமே வாசல் தாண்டுவதில்லை. வேறு விலங்குகளோடு பழக்கமும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகின்றன, ஓடியாடுகின்றன. அப்படியிருக்கத் தடுப்பூசி, பூச்சி மருந்து, வருடாவருடம் மருத்துவரிடம் அலைச்சல் எல்லாம் எதற்கு? ஏதாவது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே? பூனையைக் கூடையில் அடைப்பதே பெரும்பாடு. வளர்த்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் – ஜூன் 3, இரவு

அவை வாசல் தாண்டுவதில்லை, சரி. நீங்கள் தாண்டுகிறீர்களே. நாயின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி, மண்ணில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நிழலும் ஈரமும் இருந்தால் ஓராண்டுகூடத் தாங்கும். அதை மிதித்த செருப்பு உங்கள் மிதியடிக்கு வந்தால் போதும், குட்டி அந்தச் செருப்பைத்தான் முதலில் கடிக்கும். 1978இல் தலைகாட்டி ஓரிரு ஆண்டுகளிலேயே உலகம் முழுக்கப் பரவிய நோய் அது. பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா வைரஸும் அதே குடும்பம்தான், அதே பிடிவாதம்தான். இரண்டுக்கும் வைரஸைக் கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை. நீரேற்றி, வாந்தியை நிறுத்தி, உடல் தானாக மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. 'வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இந்த இரண்டு நோயிடமும் செல்லாது.

அப்புறம் கொசு. அதற்கு உங்கள் கதவு ஒரு பொருட்டில்லை. இதயப்புழு கொசுக்கடியில்தான் பரவுகிறது. எலி சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி வரும். உண்ணி உங்கள் துணியில் ஒட்டிக்கொண்டு வரும்.

ரேபிஸில் விவாதத்துக்கே இடமில்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதரோ நாயோ பூனையோ பிழைப்பது ஏறக்குறைய இல்லை. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் வழியாகத்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் குட்டிக்குப் போடும் அந்த ஊசி வீட்டிலுள்ள குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 4, காலை

நேற்று எழுதாமல் விட்டது: வௌவால். உலகின் பல பகுதிகளில் ரேபிஸை அதுவும் சுமக்கிறது. ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையில் விழுந்து துடிக்கும் வௌவாலை முதலில் கவ்வுவது வீட்டுப் பூனைதான். பிறகு, கதவு என்பது எப்போதும் மூடியிருக்கும் பொருள் அல்ல. வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய்களைத் தேடி நான் பல தெரு அலைந்திருக்கிறேன். அவற்றில் பாதி 'வெளியே போகவே போகாத' நாய்கள்.

ஜூன் 5

குட்டிக்கு எத்தனை ஊசி, ஏன் மூன்று நான்கு முறை, ஒரே தடவையில் முடிக்கக் கூடாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் நிறையக் குட்டிகள் போய்விடுகின்றன.

தாயின் சீம்பாலில் குட்டிக்கு எதிர்ப்பொருள் கிடைக்கிறது. அது சில வாரம் காப்பாற்றும். ஆனால் அதே எதிர்ப்பொருள் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது, ஊசியில் இருக்கும் வலுக்குறைத்த வைரஸையும் நிஜ வைரஸ் என்று நினைத்து அழித்துவிடும். தாய் தந்த பாதுகாப்பு ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் கரையும், அதனுடன் பிறந்த இன்னொன்றுக்கு 14 வாரம் வரை நிற்கும். எதற்கு எப்போது கரையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே வந்து, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழும்படி பார்க்கிறார்கள். உலகச் சிறு விலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதுதான். எத்தனை ஊசி என்பதைவிட, கடைசி ஊசி எந்த வயதில் விழுந்தது என்பதுதான் முக்கியம். 10 வாரத்திலேயே 'மூன்றும் முடிந்துவிட்டது' என்று அட்டையைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். முடியவில்லை.

பூனைக்குட்டிக்கும் இதே கணக்கு. நாய்க்குக் கட்டாயமானவை நுரையீரலையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர், கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ், பார்வோ. பூனைக்குப் பான்லூக்கோபீனியா, சளியும் மூச்சுக் கோளாறும் தரும் ஹெர்பிஸ், கலிசி வைரஸ்கள். ரேபிஸ் உள்ள நாடுகளில் இரண்டுக்கும் ரேபிஸ் ஊசி, பொதுவாக 12 வார வயதில், ஓராண்டு கழித்து மறுபடியும். பிறகு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மருந்தின் உறையும் அந்தந்த நாட்டுச் சட்டமும் சொல்லும்.

ஜூன் 5, மாலை

'வருடாவருடம் எல்லா ஊசியும் போட்டால்தான் பாதுகாப்பு' என்று ஒரு நண்பர் கீழே எழுதியிருக்கிறார். அப்படியில்லை. குட்டிப்பருவ வரிசையை ஒழுங்காக முடித்து, ஆறு மாதத்துக்குப் பிறகோ ஓராண்டிலோ பூஸ்டர் போட்ட நாய்க்கு டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ மூன்றையும் 3 ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல்.

ஆனால் வருடாந்தரப் பரிசோதனை வேறு, ஊசி வேறு. ஊசி இல்லாத ஆண்டிலும் இதயத்தைக் கேட்க வேண்டும், வாயைத் திறந்து பார்க்க வேண்டும், எடை போட வேண்டும். ஊசி இல்லையே என்று அந்தப் போக்கையே விட்டுவிடாதீர்கள்.

ஜூன் 6

3 ஆண்டு என்றதை லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார் ஒருவர். அது பாக்டீரியா. அந்த ஊசியின் பாதுகாப்பு ஓராண்டைத் தாண்டும் என்று நம்பி இருக்க முடியாது. நோய் இருக்கும் பகுதியில் வருடாவருடம் போட வேண்டும், முதல் தடவை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதால் இதில் நான் கறாராகவே இருப்பேன்.

ஜூன் 8

மருந்து வாங்கி வந்து வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்ட அக்காவுக்கு: வேண்டாம் அக்கா. தோலைத் தூக்கி ஊசி குத்துவது பெரிய வித்தை இல்லை, எனக்கும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். நடுவில் எங்காவது ஒரு மதியம் சூடேறியிருந்தாலும் குப்பியைப் பார்த்தால் தெரியாது. செத்த மருந்தைப் போட்டுவிட்டு, நாய்க்குப் பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்போம். போடாமலே இருந்திருந்தால் எச்சரிக்கையாவது இருந்திருக்கும்.

இரண்டாவது, ஒவ்வாமை. அரிதுதான், ஆனால் வந்தால் நிமிடக்கணக்கில் வரும். முகம் வீங்கும், வாந்தி எடுக்கும், ஈறு வெளுக்கும், கால் தள்ளாடும். அதற்கு வேண்டிய மருந்தும் அதைப் போடத் தெரிந்த கையும் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கே போட்டாலும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பூனைக்கு இன்னொன்று. ஊசி போட்ட இடத்தில் மிக அரிதாகப் புற்றுக்கட்டி வரும். அதனால் பிடரியில் போடாமல் காலின் கீழ்ப்பகுதியிலோ வாலிலோ போடும் வழக்கம் வந்திருக்கிறது. போட்ட இடத்தில் சின்ன உருண்டை தட்டுப்படுவது சாதாரணம், கரைந்துவிடும். 3 மாதம் கடந்தும் இருந்தாலோ, 2 சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, ஊசி போட்டு ஒரு மாதம் ஆன பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ காட்டிவிட வேண்டும். நான் ஊசித் தேதியோடு எந்தக் கால் என்பதையும் குறித்துவைப்பேன்.

ஜூன் 10

குடற்புழு. 'மலத்தில் புழு தெரியவில்லை, அதனால் மருந்து கொடுக்கவில்லை' என்கிற வாதத்தைப் பார்த்தேன். உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றும் குடலுக்குள்தான் குடியிருக்கும். வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத முட்டை. கண்ணால் பார்க்கும் அளவுக்குப் புழு வெளியேறுகிறது என்றால் உள்ளே நெரிசல் என்று அர்த்தம்.

நாய்க்குட்டி புழுவோடுதான் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வது நல்லது. தாயின் தசையில் தூங்கிக்கிடக்கும் உருண்டைப்புழு இளம்புழுக்கள் சினைக்காலத்தில் விழித்து, நச்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போகின்றன. தாய்க்கு எப்போதோ மருந்து கொடுத்திருந்தாலும் இது நடக்கும். அதனால் 2 வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதம். பூனைக்குட்டிக்குத் தாய்ப்பால் வழியாக வருகிறது, அதனால் 3 வாரத்தில் தொடங்கினால் போதும். வளர்ந்தவற்றுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. வேட்டையாடும் பூனைக்கும், பச்சை இறைச்சி தின்னும் நாய்க்கும் மருத்துவர் இதைவிட நெருக்கமாகச் சொல்லலாம்.

வால் அடியில் வெள்ளரி விதை போல ஒன்று ஒட்டிக்கொண்டு நெளிந்தால் அது நாடாப்புழுவின் ஒரு துண்டு. சாதாரணப் புழு மருந்து எல்லாவற்றுக்கும் அது அடங்காது, பிரசிகுவான்டெல் சேர்ந்த மருந்து வேண்டும். அதோடு தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும். உடம்பைக் கோதும்போது தெள்ளை விழுங்குவதால்தான் அந்தப் புழு வருகிறது. தெள்ளை விட்டுவிட்டு மருந்து மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் மறுபடி அதே விதை.

ஜூன் 10, இரவு

மருந்து அளவு கிலோ கணக்கில். குட்டி வாராவாரம் எடை கூடுகிறது. போன மாத எடைக்கு இந்த மாதம் மருந்து கொடுக்காதீர்கள். அன்றைக்கே எடை பாருங்கள்.

ஜூன் 11

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று ஒரு தம்பி கவலையோடு எழுதியிருக்கிறார். விட வேண்டியதில்லை தம்பி. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமி பூனை மலத்தில் வெளிவந்தவுடன் தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். மணல் தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் அந்த அவகாசமே அதற்குக் கிடைக்காது. வேறு ஆள் இல்லையென்றால் கையுறை, பிறகு சோப்பு. அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத காய்கறியும் அந்தக் கிருமிக்கு முக்கியமான வழிகள், அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உருண்டைப்புழு முட்டைக்கும் இதே நியாயம். தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். தோட்டத்தில் விழுந்த மலத்தை அன்றன்றைக்கே எடுத்துவிட்டால் குழந்தைகள் விளையாடும் மண் சுத்தமாக இருக்கும்.

ஜூன் 14

உண்ணிக்கு வருகிறேன். எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தது இதுதான்.

பழுப்பு நாய் உண்ணி மற்ற உண்ணிகளைப் போலப் புல்வெளிக்கு அலைவதில்லை. முட்டை, இளம்பூச்சி, வளர்ந்த உண்ணி என்று தன் வாழ்க்கை முழுவதையும் ஒரே வீட்டுக்குள் நடத்திவிடும். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து உதிர்ந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால்தான் நாயைக் குளிப்பாட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாலும் அடுத்த வாரம் மறுபடி வருகிறது. நாய் மேல் இருப்பது கொஞ்சம், சுவரில் இருப்பதுதான் அதிகம். நாய்க்கு மாதக்கணக்கில் விடாமல் மருந்து ஓட வேண்டும், இடுக்குகளைப் பூசி அடைக்க வேண்டும், படுக்கையைச் சூடான நீரில் துவைக்க வேண்டும்.

தேடும் இடம்: காது மடிப்பின் உள்பக்கம், கழுத்துப்பட்டைக்குக் கீழே, அக்குள், வால் அடி, கால்விரல் இடுக்கு. எங்கள் நாய் கருப்பனுக்கு விரல் இடுக்குதான். கண்ணுக்குத் தெரியாது. விரல்களை விரித்து, சதையின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினால் ஒரு சின்ன மேடு தட்டும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக நேரே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி, எண்ணெய் எதுவும் வேண்டாம். அது பதறித் தன் எச்சிலையெல்லாம் உள்ளே கக்கும், நோய்க்கிருமி அந்த எச்சிலில்தான் இருக்கிறது. நகத்தால் நசுக்காதீர்கள். எடுத்ததை ஸ்பிரிட்டில் போடுங்கள்.

உண்ணி கடித்த நாய்க்கு அடுத்த வாரங்களில் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, மூக்கில் ரத்தம் என்று வந்தால் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்கிற கிருமி இருக்கலாம். ஈறு வெளுத்துச் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியா இருக்கலாம். இரண்டையும் ரத்தப் பரிசோதனை காட்டும், இரண்டுக்கும் மருந்து உண்டு, தாமதித்தால் பலன் குறையும்.

மாத்திரையா, கழுத்தில் விடும் சொட்டா என்றால் எனக்கு மாத்திரை. ஃப்ளூரலேனர் ஒரு மாத்திரை உண்ணிக்கு ஏறக்குறைய 12 வாரம் தாங்கும், அஃபாக்ஸோலேனர் ஒரு மாதம். வலிப்பு வந்த சரித்திரம் உள்ள நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்த வகையைத் தொட வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

ஜூன் 14, சற்று நேரம் கழித்து

இதைத் தனியாகவே எழுதுகிறேன், யார் கண்ணிலும் படாமல் போகக் கூடாது. நாய்க்கான சொட்டு மருந்துகளில் பல பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி கலந்தவை. பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது. 'சின்னதுதானே, ஒரு சொட்டு போதும்' என்று நாய் மருந்தைப் பூனைக்கு விட்டால் நடுக்கம், வலிப்பு, சாவு. நாய்க்கு விட்ட இடம் காயும்வரை அதன் மேல் பூனை படுத்துக் கோதுவதையும் தடுக்க வேண்டும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், நடுக்கமும் வலிப்பும் தொடங்கும் முன்னரே, பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு அந்த இடத்தைக் கழுவிவிட்டு உடனே ஓடுங்கள். நடுக்கம் தொடங்கியிருந்தால் கழுவுவதில் நேரம் போக்காமல் நேரே மருத்துவரிடம்.

ஜூன் 15

தெள்ளுப்பூச்சியும் இப்படித்தான். உங்கள் பூனை மேல் காண்பது மொத்தத்தில் 5 சதவீதம். மீதி 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் விரிப்பிலும் மெத்தை மடிப்பிலும் கிடக்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். 'மருந்து கொடுத்தும் போகவில்லை' என்பவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் நிறுத்தியவர்கள். குறைந்தது மூன்று மாதம், வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும், ஒரே நேரத்தில்.

ஜூன் 16

இதயப்புழு மருந்தை 'விட்ட மாதத்துக்கும் சேர்த்து' இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். மாதாந்தர மருந்து முன்னோக்கிக் காப்பதில்லை. போன மாதம் கொசு ஏற்றிவிட்ட இளம்புழுவைத் துடைத்தெடுப்பதுதான் அதன் வேலை. விட்டுப்போன காலத்தில் நுழைந்தது வளர்ந்துவிட்டால் அந்த மருந்து அதை அசைக்காது. வளர்ந்த பெண் புழு 30 சென்டிமீட்டர் வரை நீளும், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும் ரத்தக்குழாயில் 5 முதல் 7 ஆண்டு வாழும். தொற்றிய நாளிலிருந்து சுமார் ஆறு மாதம் கழித்துத்தான் பரிசோதனையில் தெரியும். அதனால் நீண்ட இடைவெளி விழுந்திருந்தால் முதலில் பரிசோதனை, பிறகு மருந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை.

'காலி' (Collie) என்கிற ஆடு மேய்க்கும் இன நாய்களிலும் அவற்றின் கலப்பிலும் பலவற்றுக்கு ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. பெரிய அளவு ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து அவற்றின் மூளைக்குள் போய்விடும். மாடுகளுக்கான ஐவர்மெக்டினைச் சொட்டுக் கணக்கில் எந்த நாய்க்கும் கொடுக்கவே வேண்டாம்.

ஜூன் 20

இதுவரை எல்லாம் மருந்து, ஊசி. என்னைக் கேட்டால் வீட்டுக் கவனிப்பில் பாதி மருந்தே இல்லை. விலங்கு நலமாக இருக்கும்போது அதன் வழக்கம் என்ன என்று உங்கள் கைக்குத் தெரிந்திருப்பதுதான். நோயுற்ற அன்று மருத்துவர் கேட்கும் கேள்வி எல்லாமே 'வழக்கமாக எப்படி?' என்பதில்தான் முடியும். வழக்கமாக எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? எடை என்ன இருந்தது? ஈறு எப்போதும் இப்படி வெளிறித்தான் இருக்குமா? பதில் தெரிந்த வீட்டு விலங்கு பிழைக்கும் வாய்ப்பே வேறு.

வாரம் ஒருமுறை, விளையாடிக் களைத்துப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, மூக்கிலிருந்து வால் வரை கையை ஓட்டுகிறேன். மேலுதட்டைத் தூக்கி ஈறில் விரலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கருப்பனுக்கு ஈறு முழுக்கக் கறுப்பு, ஒன்றும் தெரியாது. கோரைப்பல்லுக்கு மேலே ஒரு சின்ன இளஞ்சிவப்புத் திட்டு இருக்கிறது, அங்கேதான் அழுத்திப் பார்ப்பேன். அந்தத் திட்டு எங்கே என்று அவசரத்தில் தேட முடியாது. காதை மடித்து முகர்ந்து பார்ப்பேன், பூஞ்சை வந்தால் கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரியும். தாடையின் கீழ்ப்பக்கம், தோள் முன்பக்கம், முழங்கால் பின்பக்கம் ஆகிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள். பெண் நாயென்றால் முலைக்காம்பு வரிசை முழுவதும். கட்டி தட்டினால் இடம், அளவு, தேதி. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் அடுத்த மாதம் ஒப்பிட எளிது.

தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நாய்க்கும் பூனைக்கும் 30க்குள் இருக்க வேண்டும். இதயநோய் உள்ள விலங்குக்கு நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்குவதை இருமலுக்கு முன்பே இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். கனவு கண்டு காலை உதறும்போது எண்ணாதீர்கள், அது வேறு கணக்கு.

உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்மைவிட அதற்குச் சூடு அதிகம்தான், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். மூக்கு ஈரமா, காய்ந்ததா என்பதும் ஒன்றும் சொல்லாது.

ஜூன் 21

எடை. வீட்டுத் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்ப்பது பெரிய நாய்க்குச் சரி. பூனைக்குப் போதாது. 4 கிலோ பூனை 400 கிராம் இழந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, அந்தத் தராசின் தடுமாற்றத்தில் அது மறைந்துவிடும். குழந்தைகளுக்கான எடைத் தராசு வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் பூனை மிளகுக்கு வயதாகிவிட்டது, நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் எண் மாதாமாதம் இறங்கியது. தைராய்டு அதிகம் சுரந்தது பரிசோதனையில் தெரிந்தது. ரோமம் மூடிய உடம்பைப் பார்த்து என்னால் சொல்லியிருக்க முடியாது.

குண்டாக இருப்பதை 'நன்றாக வளர்த்திருக்கிறார்கள்' என்று எண்ணுபவர்கள் ஒரு ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக வாழ்நாள் முழுக்க உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்களின் சராசரி ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். கையை நீட்டி விரித்துப் புறங்கை மேல் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கை மாதிரி மெத்தென்றிருந்தால் கொழுப்பு.

ஜூன் 21, இரவு

மேலே சொன்னதைப் படித்துவிட்டுப் பூனையைப் பட்டினி போட்டு விடாதீர்கள்! குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைந்து, உயிருக்கே ஆபத்து. பூனையின் எடையை மாதக்கணக்கில் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். எந்தப் பூனையும் ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

ஜூன் 25

பல். மூன்று வயதுக்குள் பெரும்பாலான நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஏதோ ஓரளவு ஈறு நோய் வந்துவிடுகிறது. பல்லில் படியும் மென்படலம் இரண்டு மூன்று நாளில் காறையாக இறுகும். இறுகிய பிறகு துலக்கினால் போகாது. ஆகவே தினமும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் வாரம் விரலில் கொஞ்சம் பற்பசை தடவி நக்க விடுங்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் விரலை உதட்டுக்குள் விடுங்கள். தூரிகை அப்புறம். வாயைப் பிளக்கவே தேவையில்லை, பல்லின் வெளிப்பக்கம் போதும், உள்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். நம் பற்பசை கூடாது. சைலிட்டால் என்கிற இனிப்பு அதில் இருந்தால் நாய்க்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று விழும், கல்லீரலும் போகலாம்.

கடிக்கக் கொடுக்கும் பொருளில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். பள்ளம் விழவில்லையா, அது பல்லை உடைக்கும். எலும்பும் கொம்பும் இதில் தேறுவதே இல்லை.

ஜூன் 26

நகம் வெட்டும் கருவி இருக்கும் இழுப்பறையைத் திறந்தாலே எங்கள் ஆண் பூனை சாம்பல் கட்டிலுக்கடியில் போய்விடுவான். அதற்கு ஒரு தோழி நல்ல வழி சொன்னார். கருவியை உணவுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டுமாம். வைத்தோம். இப்போது அதை முகர்ந்து கன்னத்தைத் தேய்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறான். நாளுக்கு ஒரு நகம் என்று வெட்டுகிறோம். இருவருக்கும் நிம்மதி.

ஜூலை 2

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும். மணல் தட்டில் ஏறி உட்காருகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது, முக்குகிறது, கத்துகிறது, மணலில் ஈரமே இல்லை. 'மலச்சிக்கல் போல' என்று எண்ணெய் புகட்டிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். நள்ளிரவானாலும் அப்போதே கிளம்புங்கள். சாம்பலுக்கு இது வந்தபோது தினமும் மணல் கட்டிகளைப் பார்த்து வாரும் பழக்கம்தான் காப்பாற்றியது. காலையில் கட்டி இல்லை, மதியமும் இல்லை, உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தடுக்க: தண்ணீர் உள்ளே போக வேண்டும். அகலமான கிண்ணம், மீசை விளிம்பில் இடிக்காதபடி. உணவுத் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில். உலர் தீவனம் மட்டும் தின்னும் பூனைக்கு ஈர உணவும் சேருங்கள். மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக. மூத்த பூனைக்குச் சிறுநீரகமே பலவீனம். ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு ஏறுவதற்குள் சிறுநீரகத் திறனில் முக்கால்வாசி போயிருக்கும் என்பதால், ஏழெட்டு வயதிலிருந்தே வருடாவருடம் ரத்தமும் சிறுநீரும் சோதிப்பது வீண்செலவே இல்லை.

ஜூலை 3

நேற்றைய குறிப்புக்குக் கீழே 'வலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுத்தேன்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இனி ஒருபோதும் வேண்டாம். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். அதன் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். இன்றே பூனையைக் காட்டுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. இபுப்ரோஃபென் நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது. வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை எல்லாம் எட்டாத இடத்தில். பூங்கொத்தில் லில்லி இருந்தால் பூனை உள்ள வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

ஜூலை 11

கருத்தடைக்கு எந்த வயது என்பதில் இரண்டு நாளாக இங்கே சண்டை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பெண் நாய்க்குச் செய்யாவிட்டால் கருப்பையில் சீழ் கோக்கும் அபாயம் வயதோடு ஏறும். சினைப்பருவம் முடிந்து சில வாரத்தில் அளவில்லாமல் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ந்து முடியும் முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்பதை கோல்டன் ரெட்ரீவர் நாய்களை வைத்துக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2013இல் காட்டியது. ஆக, இனத்தையும் அளவையும் பார்த்து மருத்துவரோடு பேசி முடிவு செய்வதுதான் சரி. பூனைக்கு இந்தக் குழப்பம் இல்லை. நாலு மாதத்திலேயே சினை பிடிக்கும், அதனால் ஐந்து மாதத்துக்குள் செய்துவிடுங்கள். செய்த பிறகு உணவை அளந்து குறையுங்கள், பசி ஏறும், உடல் செலவிடும் ஆற்றல் குறையும், எடை அங்கேதான் தொடங்கும்.

ஜூலை 19

கூடை. அதை வருடத்துக்கு ஒருமுறை பரணிலிருந்து இறக்கினால் பூனை ஓடத்தான் செய்யும். கூடத்திலேயே திறந்து போடுங்கள், உள்ளே பழைய துணி, அவ்வப்போது ஒரு துண்டு தீனி. மேல்மூடி கழலும் கூடையாக வாங்குங்கள். மருத்துவர் மூடியை மட்டும் எடுத்துவிட்டு, பூனை கீழ்ப்பாதியில் படுத்திருக்கும்போதே பாதிப் பரிசோதனையை முடித்துவிடுவார். வண்டியில் கூடையைத் துணியால் மூடுங்கள். அப்படியும் மிரண்டு போகிற பூனைக்கு முன்கூட்டியே வீட்டில் கொடுக்க காபாபென்டின் என்கிற பதற்றம் தணிக்கும் மருந்தை எழுதித் தருவார்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

ஜூலை 20

குட்டிக்கு 12 வார ஊசி போட்டாகிவிட்டது, இனிப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல நாய்கள் மலம் கழிக்கும் இடத்துக்கு இன்னும் வேண்டாம், 16 வார ஊசி முடிந்து ஒன்றிரண்டு வாரம் போகட்டும். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். மனிதர், சத்தம், வண்டி எல்லாம் பழகும் வயது 3 முதல் 14 வாரம், அது திரும்ப வராது. கையில் தூக்கிக்கொண்டு வெளியே நில்லுங்கள். ஊசி முடிந்த, ஆரோக்கியமான வளர்ந்த நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். திரும்பி வந்ததும் செருப்பை வாசலிலேயே விடுங்கள். நோயுற்ற நாய் வந்துபோன தரையென்றால், முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். வழக்கமான தரை கழுவும் திரவம் பார்வோவை ஒன்றும் செய்யாது.